புதுப்பிப்பு: பெயின்ட் உரிந்த உலோக எலும்புக்கூடு வீரர்கள், சரியாகிவிட்டது

28 மி.மீ. உயர எலும்புக்கூடு வீரர் பொம்மைகள் பன்னிரண்டில் பெயின்ட் உரிகிறது, வாள் பிடித்த கை நிற்கவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

பலன் தந்தது அசிட்டோன் (பெயின்டைக் கரைக்கும் திரவம்) யோசனைதான். பொம்மைகளை அசிட்டோன் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி ஒரு ராத்திரி ஊறவிட்டேன். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் விலா எலும்புகளின் இடுக்கு வரை சுத்தமானது. ஒரு கேடயம் மட்டும் பிளாஸ்டிக் என்று கவனிக்கவில்லை, பிசின் மாதிரி இளகிப் போய்விட்டது. ஊறவைக்கும் முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழைய பொம்மை இரண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அது பொம்மையின் உலோகத்தில் உள்ள ஈயத்தின் அரிப்பு. பித்தளைக்குப் போல இதற்குப் புளியோ வினிகரோ போடாதீர்கள், அமிலம் அரிப்பைக் கூட்டும் என்று எச்சரித்த அண்ணனுக்குத் தனி நன்றி. கையுறை போட்டு, ஈரத்தோடு துடைத்தேன். உலர்ந்த பொடியை உரசவே கூடாது.

வாள் பிடித்த கைக்கு வெறும் சூப்பர் க்ளூ பத்தாது. 1 மி.மீ. துளை போட்டு, கம்பித் துண்டு செருகி ஒட்டியதும் அசையவில்லை.

அப்புறம் ப்ரைமர், அதாவது பெயின்டுக்கு முன் ஸ்ப்ரேயாக அடிக்கும் அடிப்பூச்சு. பொள்ளாச்சியில் இப்போது ஆடிக்காற்று. மொட்டை மாடியில் அடித்த முதல் மூன்றும் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பாகிவிட்டன. துளிகள் காற்றிலேயே காய்ந்துவிடுகின்றன. மீதியை விடியற்காலையில், காற்று எழும் முன், அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடித்தேன். வழவழப்பாக வந்தன.

எலும்புக்குக் கொடுத்த நிறம்: தந்த வெள்ளை, மேலே நீர்த்த பழுப்பு, காய்ந்ததும் விளிம்புகளில் மறுபடி வெள்ளை. கண்குழிக்குள் பழுப்பு தேங்கி நிற்பது அவ்வளவு அழகு.