மகளிர் ஃபுட்சால்: பிரேசிலை 'ஏழு முறை உலகச் சாம்பியன்' என்று எழுதலாமா?

நடுக்கோடு (கேள்வி):
வணக்கம். தேசிய அணிகளுக்கான மகளிர் ஃபுட்சால் (உள்ளரங்கில் ஐவர் அணிகள் ஆடும் கால்பந்து) போட்டிகளின் வரலாற்றை அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிலிப்பைன்ஸில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா நடத்திய முதல் மகளிர் ஃபுட்சால் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பிரேசில் 3-0 என்ற கணக்கில் போர்ச்சுகலை வென்றது. அதற்கு முன்பே, 2010 முதல் 2015 வரை ஆண்டுதோறும் ஓர் உலகப் போட்டி நடந்து, ஆறு முறையும் பிரேசிலே வென்றிருக்கிறது. அப்படியானால் அந்த அணியை ஏழு முறை சாம்பியன் என்பதா, முதல் முறை சாம்பியன் என்பதா? இன்னோர் ஐயமும் உண்டு: ஒரே அணி இப்படித் தொடர்ந்து வெல்வதால் போட்டியின் தரமே குறைவு என்று கருத இடமிருக்கிறதா?

பதிவேடு:
இரண்டையும் கூட்டி எழுதக் கூடாது என்பதே என் கருத்து. 2010இல் ஸ்பெயினின் அல்கொபெண்டாஸில் தொடங்கி, 2015இல் குவாத்தமாலாவில் முடிந்த அந்த ஆறு போட்டிகளும் ஃபிபா உலகக் கோப்பைகள் அல்ல. கண்டம்தோறும் தகுதிச் சுற்று நடத்தி அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அவற்றில் இல்லை. 2025இல் நிலைமை வேறு. பிலிப்பைன்ஸ் போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடியாக இடம்பெற, மற்ற 15 அணிகளும் தத்தம் கண்டத்தில் ஆடித்தான் வந்தன. மொராக்கோவும் தான்சானியாவும் ஆப்பிரிக்காவில் முதன்முறையாக நடந்த மகளிர் ஃபுட்சால் கோப்பையின் இறுதியாட்டம் வரை முன்னேறியே தகுதி பெற்றன. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அணிக்கும் வாசல் திறந்திருந்தால்தானே அது உலகக் கோப்பை?

வலைக்காவலர்:
பதிவேடு சொல்லும் தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் மறுப்பு இருக்கிறது. ஆண்களுக்கான ஃபுட்சால் உலகக் கோப்பையை ஃபிபா 1989இலேயே நெதர்லாந்தில் தொடங்கிவிட்டது. 2024இல் உஸ்பெகிஸ்தானில் நடந்தது பத்தாவது. பெண்களுக்கோ 36 ஆண்டுகள் கழித்துத்தான் முதல் கோப்பை கிடைத்தது. இந்த இடைவெளிக்கு ஆட்டக்காரர்கள் பொறுப்பல்லர். தேசியச் சீருடையை அணிந்து, அன்று இருந்த ஒரே உலக மேடையில் ஆடிய அவர்களின் வெற்றிகளை, மேடைக்கு உரிய முத்திரை இல்லை என்பதற்காக அட்டவணையிலிருந்து நீக்குவது அநீதி. 2015க்குப் பிறகு அந்தப் போட்டியும் நின்றுபோய், அடுத்த உலகப் போட்டிக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 22 வயதில் குவாத்தமாலாவில் ஆடிய ஒருவருக்குப் பிலிப்பைன்ஸ் போட்டியின்போது 32 வயது. இடைப்பட்ட காலத்தில், ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும்போதே உலக மேடையைக் காணாமல் ஓய்வு பெற்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆசியக் கோப்பையும் 2018க்குப் பிறகு 2025இல்தான் நடந்தது. முதல் இரண்டு கோப்பைகளையும் வென்ற ஈரானின் பொற்காலத்தின் பெரும்பகுதி அப்படியே கடந்துவிட்டது.

இரண்டாம் பாதி:
தரம் குறித்த கேள்விக்கு, பயிற்சியளிப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஃபுட்சாலில் களத்தில் நிற்பவர்கள் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர். உலகக் கோப்பை அணியில் 14 பேர். ஆட்டத்தை நிறுத்தாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆகவே, சம வலிமையுள்ள எட்டு அல்லது ஒன்பது பேர் இருக்கும் அணி சில நிமிடங்களுக்கு ஒருமுறை களைப்பில்லாத நால்வரை இறக்கிக்கொண்டே இருக்கும். ஐந்து நல்ல ஆட்டக்காரர்களை மட்டும் நம்பியிருக்கும் அணி முதல் பாதி முழுவதும் ஈடுகொடுத்துவிட்டு, இரண்டாம் பாதியில் கால் தளர்ந்து, பந்தை எட்ட முடியாமல் எதிராளியை விதிமீறித் தடுக்கத் தொடங்கும். அங்கேதான் ஆட்டம் கைநழுவும். ஒரு பாதியில் ஆறாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கிறது; பத்து மீட்டர் தூரத்திலிருந்து, கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து உதைக்கலாம். பிரேசிலின் பலம் இந்த ஆள்வளத்தில் இருக்கிறது. 2014 முதல் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற அமாண்டினியா வெளியே அமர்ந்திருக்கும் நிமிடங்களிலும் அந்த அணியின் வேகம் குறைவதில்லை.

மற்ற அணிகள் தரத்தில் தாழ்ந்தவை என்று நான் கருதவில்லை. ஐரோப்பியக் கோப்பையை 2019, 2022, 2023 ஆகிய மூன்று முறையும் ஸ்பெயின் வென்றது என்றாலும், 2022 இறுதியாட்டத்தில் போர்ச்சுகலைப் பெனால்டி உதைகளில்தான் வெல்ல முடிந்தது. 2018 இளையோர் ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபுட்சாலில் தங்கம் பெற்றதும் போர்ச்சுகலே.

பதிவேடு:
வலைக்காவலரின் ஆதங்கம் நியாயமானது. நீக்கச் சொல்லவில்லை, கூட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஃபிபா உலகக் கோப்பைக்கு ஒரு பத்தி, 2010–2015 உலகப் போட்டிக்கு அதன் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு பத்தி என வைத்து, பிரேசிலுக்கு முதலாவதில் 1, இரண்டாவதில் 6 என்று எழுதலாமே.

வலைக்காவலர்:
இரண்டாவது பத்தியை அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடாமல் இருந்தால் எனக்குச் சம்மதம். அந்த ஆறு இறுதியாட்டங்களில் தோற்ற அணிகளின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்.

நடுக்கோடு:
அப்படியே செய்கிறேன். போட்டி நடந்த நகரங்களையும் சேர்த்து, அட்டவணையை இந்த இழையிலேயே பதிவிடுகிறேன்.