பத்தாவது முடித்த பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

மாயவரத்து அப்பா:
மகள் பத்தாவது பரீட்சை முடித்துவிட்டாள். ஜூனில் ப்ளஸ் ஒன், கூடவே நீட் கோச்சிங். நடுவில் ஒன்றரை மாதம். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் படித்தே ஆகவேண்டிய தமிழ்ப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று.

வந்தியத்தேவி:
பொன்னியின் செல்வன். ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் குதிரையில் வருகிறவனோடு கிளம்பினால் ஐந்து பாகமும் முடியாமல் கீழே வைக்க மாட்டாள். 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. அடுத்த வாரம் வரை ஆளைத் தவிக்கவிடத் தெரிந்தவர் கல்கி. ரீல்ஸ் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அதுதான் சரி.

கரிசல்காட்டான்:
ஒன்றரை மாதத்தில் ஐந்து பாகமா? பிள்ளை பாவம் அக்கா. அதுவும் எல்லாம் அரண்மனைக் கதை. பூமணியின் வெக்கையைக் கொடுங்கள். 1982இல் வந்தது, ஒல்லிப் புத்தகம். அதன் நாயகன் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயசு, உங்கள் மகள் வயசுதான்.

வந்தியத்தேவி:
அரண்மனைக் கதையா? பூங்குழலி படகோட்டுகிறவள். சேந்தன் அமுதன் கோயிலுக்குப் பூக்கட்டுகிறவன்.

கரிசல்காட்டான்:
அந்தப் பூக்கட்டுகிறவன் கடைசியில் யார் என்று இங்கே சொல்லிவிடட்டுமா?

வந்தியத்தேவி:
ஐயோ, வேண்டாம்! ஆனால் வெக்கை எடுத்த எடுப்பிலேயே கொலை. பெண் பிள்ளைக்கு லீவில் கொடுக்கிற புத்தகமா அது?

கரிசல்காட்டான்:
ஆதித்த கரிகாலன் மட்டும் காய்ச்சலிலா செத்தான்? அங்கே குத்தியது யார் என்று இன்னமும் சண்டை போடுகிறோம், ரசிக்கிறோம். இங்கே யார், ஏன் என்று முதலிலேயே தெரியும். கையை மட்டும் வெட்டத்தான் அந்தப் பையன் போனான், ஆள் செத்துப்போனான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் எட்டு நாள் ஒளிந்து திரிவதுதான் கதை. இதை வைத்து எடுத்த அசுரன் படத்துச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். புத்தகத்தில் சோறாக்குவதும் ஊர்ப்பேச்சும்தான் நிறைய.

நூலகப்பூச்சி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சா.விடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். இதனால் என்ன பிரயோசனம் என்றுவிட்டார் முதலியார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். இவர் பார்த்ததுகூட இல்லை. ஏழு வருஷம் கழித்து அந்தச் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் இவரே. அவருடைய சுயசரிதையான என் சரித்திரத்தில் அந்தப் பகுதியை மட்டுமாவது அந்தப் பிள்ளை படிக்கட்டும்.

கரிசல்காட்டான்:
ஒன்று கேட்ட மனிதருக்கு மூன்றாவதா? நல்ல உதவி அண்ணாச்சி.

மாயவரத்து அப்பா:
இரண்டையும் மேஜையில் வைத்தேன். தடிமனைப் பார்த்துவிட்டு வெக்கையை எடுத்துக்கொண்டாள். இன்று காலை கேட்கிறாள், "அந்தப் பையனோட அம்மா என்னப்பா செஞ்சிருப்பாங்க, அந்த எட்டு நாளும்?" பதில் சொல்ல நான் இன்னும் படிக்கவில்லை.

வந்தியத்தேவி:
சரி, படிக்கட்டும். முதல் பாகத்தை மட்டும் மேஜையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.