பாரோ தீவைக் காப்பாற்றியது எண்ணெய்க் கம்பெனியா?

கடற்காகம்:
மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா கரைக்கு அப்பால் இருக்கிறது பாரோ தீவு. 234 சதுர கிலோமீட்டர், முள்புல்லும் சுண்ணாம்புப் பாறையுமான வறண்ட நிலம். 1910-லேயே இயற்கைக் காப்பகம். 1964-ல் எண்ணெய் கிடைத்தது, 1967 முதல் 2025 வரை எடுத்தார்கள். அப்படியும் வளைதோண்டி வாழும் குட்டிக் கங்காருவான பூடி அங்கே துள்ளித் திரிகிறது. பெருநிலத்தில் நரிக்கும் பூனைக்கும் இரையாகி அந்த இனமே அற்றுப்போனது. பாரோவில் கம்பெனிதான் காவல் என்பேன்.

பனைநிழல்:
நரியைத் தடுத்தது கடல், நண்பரே. சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவு கரையிலிருந்து பிரிந்துவிட்டது. பெர்னியர், டோர் தீவுகளிலும் பூடி பிழைத்தது. அங்கே ஒரு எண்ணெய்க் கிணறுகூட இல்லையே!

கடற்காகம்:
சரி, அது நியாயமான வாதம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வந்துபோகும் இடம் இது. ஒவ்வொரு காலணியிலும் பையிலும் விதை ஒட்டியிருக்கிறதா, பல்லி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். தீவிலேயே கட்டிய கார்கன் எரிவாயு ஆலைக்கு 2003 சட்டம் கொடுத்ததும் 300 ஹெக்டேர்தான்.

பனைநிழல்:
அந்த ஆயிரக்கணக்கான ஆட்களை வரவழைத்தது யார்? 300 ஹெக்டேர் எங்கே என்பதையும் பாருங்கள். ஓடு தட்டையான கடலாமைகள் முட்டையிடும் இரண்டு கடற்கரைகளுக்கு நடுவில்! 2006-ல் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமே வேண்டாம் என்றது. அரசு கேட்கவில்லை.

உப்புக்காற்று:
வளைகுடாவில் ஒரு எரிவாயு ஆலையில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இரவில் அங்கே எரியும் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு ஆமைக்குஞ்சின் பாடு புரியும். முட்டையிலிருந்து வந்ததும் அது வெளிச்சமான அடிவானத்தைத்தான் கடல் என்று நம்பி ஓடும். விளக்கை மறைத்து, தணித்துப் போடலாம், போடுகிறார்கள். ஆனால் இருட்டுக்கு ஈடாகாது.

கடற்காகம்:
ஆமை விஷயத்தில் எனக்கும் கவலை உண்டு. அப்புறம், கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்துவதாகச் சொன்ன வாக்கும் பொய்த்தது. 2016-ல் எரிவாயு ஏற்றுமதி தொடங்கியும் செலுத்தியது 2019-ல்தான், அதுவும் சொன்ன அளவு இல்லை. ஆனால் 2010-ல் பாரோவிலிருந்து பூடிகளைப் பெருநிலத்தில் வேலியிட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்களே, அதற்குக் கம்பெனிப் பணமும் உதவியது. அதை மறைக்க மாட்டேன்.

பனைநிழல்:
நானும் மறைக்கவில்லை, அது நல்ல வேலை. என் கேள்வி வேறு. எரிவாயு தீர்ந்து கம்பெனி கிளம்பிய பிறகு, படகில் வரும் ஒவ்வொரு பையையும் யார் சோதிப்பார்கள்? அந்தச் செலவை இப்போதே வாங்கித் தனியாக வைக்க வேண்டும்.

கடற்காகம்:
அதில் நான் உங்கள் பக்கம்.