98 மாடல் மாருதி 800, உப்புக்காத்து ஊர்ல வச்சு ஓட்டலாமா?

தங்கச்சிமடம்_98:
அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டுன 98 மாடல் 800 வீட்ல நிக்கிது, பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்பரேட்டர் வச்ச பழைய மாதிரி வண்டி, நாலு கியர், ஏசி கூட கிடையாது. வித்துட்டு புதுசு எடுன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மனசே வரல. போன ஐப்பசி மழைல ராத்திரி பாம்பன் பாலம் தாண்டி அக்காள்மடம் கிட்ட வண்டி நின்னுருச்சு. பானட்ட தூக்கி செல்போன் லைட்ட அடிச்சா ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள முத்து முத்தா ஈரம். கழட்டி துண்டால தொடச்சு மாட்டுனேன், ரெண்டாவது செல்ஃப்ல கிளம்பிருச்சு. நான் மெக்கானிக்லாம் இல்ல, சின்ன வயசுல அப்பா செய்யறப்ப பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னவன் அம்புட்டுதான். இப்ப கவலை என்னன்னா டிரைவர் சீட்டு முன்னாடி மேட்ட தூக்குனா துரு பொரிஞ்சு கெடக்கு, சாவியால குத்துனா உதிருது. செலவு பண்ணலாமா?

ராம்நாடு_பட்டறை:
தம்பி, தளம் போச்சுன்னா பயப்படாதீங்க, வெட்டி எடுத்துட்டு புது தகடு வச்சு வெல்டிங் பண்ணிரலாம். முன்னாடி ஷாக் அப்சார்பரோட மேல் போல்ட்டு உக்கார்ற இடத்தயும் பின்னாடி ஆக்சில் பிடிப்பையும் மொதல்ல பாருங்க, அங்க துரு ஏறிருந்தா வண்டிய விட்ருங்க, அதுல ஆசை வைக்கக்கூடாது. கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டை இருக்கும், நம்ம ஊர்ல அது மணல் அடைச்சு உள்ளயே தண்ணி நின்னு கதவு கீழருந்து அரிக்கும், ஒரு கம்பிய விட்டு குத்தி விடுங்க.

இஞ்சினப் பத்தி கவலையே வேணாம். 796 சிசி, மூணு சிலிண்டர், 1983ல வந்த மாடல், 2014 வரைக்கும் தயாரிச்சாங்க, ஆம்னிலயும் அதே இஞ்சின்தான், அதனால சாமான் இன்னும் கெடைக்குது. 10, 12, 14 ஸ்பேனர் இருந்தா பாதி வண்டிய பிரிச்சிரலாம். ஒண்ணு மட்டும், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது, ஊறி வெடிக்கும், எல்லாத்தையும் புதுசா மாத்திருங்க.

கீழக்கரை_காக்கா:
தம்பி சொல்றது எனக்கு நல்லா புரியுது. என் வண்டி பெரிய விலை, வாங்கி நாலு வருஷம். ஒருநாள் தனுஷ்கோடி போயிட்டு வர்ற வழியில இஞ்சின் லைட் எரிஞ்சு வண்டி இழுக்கல, மதுரைக்கு கட்டி இழுத்துட்டு போயி ஸ்கேனர் போட்டு ஒரு சென்சார மாத்துனாங்க, மறு மாசமே திரும்ப அதே லைட். கடைசில எங்க தெரு எலக்ட்ரீசியன் பையன் கனெக்டர கழட்டி காமிச்சான், பின்னு பூரா பச்சையா களிம்பு! சென்சார் நல்லாத்தான் இருந்துருக்கு. சுரண்டி கிரீஸ் வச்சான், ஒரு வருஷமா பிரச்சினை இல்ல. கண்ணால பாத்து கையால சரி பண்ற மாதிரி இருக்குறது பெரிய நிம்மதி.

மண்டபம்_அக்கா:
எல்லாரும் பழைய வண்டிய தூக்கி வைக்கிறீங்க, நான் ஒண்ணு சொல்றேன் தம்பி கோச்சுக்காதீங்க. அதுல ஏர்பேக் இல்ல, பிரேக் அழுத்துறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் இல்ல. புது கார்ல இதெல்லாம் கட்டாயம்னு ஆனதே 2019லதான். 650 கிலோ வண்டி, கச்சான் காத்து அடிக்கிறப்ப பாம்பன் பாலத்துல ஸ்டியரிங்க எப்புடி இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மதுரை ரோட்டுல 100ல போறதுக்கு இது ஆகாது. ஊருக்குள்ள சந்தைக்கு, கடலுக்குன்னா தாராளமா வச்சுக்கங்க.

ராம்நாடு_பட்டறை:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. எலக்ட்ரானிக்ஸே கெடுதின்னும் நான் சொல்ல வரல, 800லயே பின்னாடி கார்பரேட்டருக்கு பதிலா கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற எம்பிஎஃப்ஐ வந்தப்ப காலையில வண்டி கிளம்ப சோக் இழுக்குற தொல்லை போச்சு, மைலேஜும் நல்லா நின்னுச்சு. கனெக்டருக்குள்ள உப்பு போகாம பாத்துக்கிட்டா அதுவும் நல்ல வண்டிதான்.

தங்கச்சிமடம்_98:
இன்னைக்கு பள்ளத்துல ஏத்தி பாத்தாச்சுண்ணே. ஷாக் அப்சார்பர் இடம் ரெண்டு பக்கமும் கெட்டியா இருக்கு, சுத்தியலால தட்டுனா கணீர்னு கேக்குது. தளம் மட்டும் ரெண்டு அடி தகடு போடணுமாம். அக்கா, மதுரைக்கு இனி பஸ்ஸுதான், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். கதவு ஓட்டைல கம்பிய விட்டேன், ஒரு டம்ளர் மணலாச்சும் கொட்டிருக்கும். ஹோஸ் என்ன சைஸ் வாங்கணும்ணே?

ராம்நாடு_பட்டறை:
பழைய ஹோஸ்ல ஒரு துண்டு வெட்டி கடைக்கு கொண்டு போங்க தம்பி, கிளிப்பும் புதுசா வாங்கிருங்க.