சப்வூஃபர்: ‘தட்டைத் தாழ்முழவு’ எனலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

மிகத் தாழ்ந்த (பாஸ்) ஒலியை மட்டும் தரும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் குழுப் பேச்சில், ‘துணை ஒலிபெருக்கி’ என்று பரிந்துரைத்த ஐயாவுக்கு வணக்கம். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. துணைவேந்தர், துணை ஆட்சியர் என்பவற்றில் உள்ள ‘துணை’ வேறு. இங்கே ‘சப்’ குறிப்பது வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான வழக்கமான ஸ்பீக்கரின்) எல்லைக்கும் கீழே, ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்கும் தாழ்ந்த ஒலி. ‘தாழ்’ என்பதே பொருந்தும்.

‘தாழ் ஒலிப்பான்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். வீட்டுக்குச் சரி. காரில் ஒலிப்பான் என்றால் ஹாரன்தான்.

இசைத்தமிழில் மெலிவு, சமன், வலிவு என்ற அழகான வரிசை உண்டு. கீழ் ஸ்தாயிக்கு ‘மெலிவு’ எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் நெஞ்சு அதிரக் கேட்க வேண்டும் என்று வருபவர், சத்தம் குறைந்த கருவி என்றே அதை எடுத்துக்கொள்வார். எனவே நான் முன்வைப்பது ‘தாழ்முழவு’; முழவு என்பது மத்தளம் போன்ற தோற்கருவி. முழவு அடித்து எழுப்பும் கருவி, இதுவோ பதிந்த ஒலியைத் திருப்பித் தருவது என்று மறுப்பு வரலாம். தோலோ காகிதக் கூம்போ, ஒரு பரப்பு அசைந்து காற்றைத் தள்ளுவதில் இரண்டும் ஒன்றே.

அடுத்து, காரில் இருக்கைக்கு அடியில் பொருத்தும் சிறிய வகைக்குக் ‘குறு’ என்ற முன்னொட்டு வேண்டவே வேண்டாம். தண்டையார்பேட்டையில் கார்களுக்கு ஆடியோ பொருத்துபவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எங்களிடம் வரும் சிறிய கார்களில் டிக்கியைத் தொட முடியாது. சிலவற்றில் சிஎன்ஜி உருளை இருக்கும். பாரிமுனையில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு மூட்டை வைக்கவே டிக்கி போதாது. மிஞ்சுவது முன் இருக்கையின் அடிப்பகுதி. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் இரு பக்கமும் இருக்கை நகரும் ரெயில், காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் இணைப்பு, சில கார்களில் பின்பக்கம் செல்லும் ஏசி குழாய். கனமான ஒருவரை உட்காரவைத்து, இருக்கையைக் கடைசிவரை முன்னும் பின்னும் நகர்த்திய பிறகே உயரத்தை அளப்போம், ஸ்பிரிங் இறங்குமே. நீளம் கிடைக்கும், அகலம் கிடைக்கும். உயரம்தான் கிடைக்காது.

கருவியும் அதற்கேற்பவே அமைகிறது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அது கூம்பின் பரப்பையும், கூம்பு முன்பின் ஓடும் தூரத்தையும் பொறுத்தது. உயரம் குறைந்தால் ஓட்டமும் குறையும். பரப்பையும் சுருக்கினால் ஒன்றும் தேறாது. அதனால்தான் 8 அங்குலக் கூம்பை வைத்துக்கொண்டே பெட்டியை மட்டும் சப்பையாக்குகிறார்கள். இதற்குத் ‘தட்டைத் தாழ்முழவு’ என்பதே நேர்மையான பெயர். எதை அளந்து வாங்க வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். நம் இரு காதுகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு அது மிகப் பெரிது; எனவே திசை தெரிவதில்லை, இருக்கைக்கு அடியில் வைத்தாலும் உறுத்தாது.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருந்தால் ‘பெருக்கியுடன் கூடிய’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ‘ஒலிபெருக்கி’யைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பெருக்குவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று.

ஸ்டெப்னிக் குழிக்குள் பொருத்தும் வட்டமான வகையும் இருக்கிறது. அதை ‘ஸ்டெப்னித் தாழ்முழவு’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து. ‘மாற்றுச் சக்கரக் குழி’ என்று நீட்டினால் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.