கார்டு கட்டணத்தை வாங்குபவரிடம் கேட்கலாமா?

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார், ஆன்லைனில் வியாபாரம் செய்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து தேனும் நேந்திரங்காய் சிப்ஸும் கூரியரில் அனுப்பி விற்கிறோம். யுபிஐயில் நேரடியாக வரும் பணத்தில் பிடித்தம் எதுவும் இல்லை, 2020 ஜனவரியிலிருந்தே அதற்கு எம்டிஆர் (கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம்) கிடையாது. சிக்கல் கிரெடிட் கார்டில்தான். 500 ரூபாய் தேனுக்கு பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் கார்டு பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் நிறுவனம்) 2 சதவீதம் என்று 10 ரூபாய் எடுத்துக்கொண்டு 490-தான் கணக்கில் போடுகிறது. வளைகுடாவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் அங்குள்ள கார்டில் கட்டினால் பிடித்தம் இன்னும் கூடுதல். பாட்டில், பெட்டி, கூரியர் எல்லாம் போக நிற்கும் லாபத்தில் இது சின்னத் தொகை இல்லை.

தனியாக வசூலி என்கிறார் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. டெபிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். கிரெடிட் கார்டுக்கு மட்டும் கேட்டாலும், ஒரு விலையைக் காட்டிவிட்டு கடைசிப் பக்கத்தில் ஏற்றுவது 2023 டார்க் பேட்டர்ன் விதிகளில் (இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளைத் தடுப்பவை) தவறு. அதைவிட விலையிலேயே சேர்த்துவிடலாம், ஆனால் அப்படிச் செய்தால் யுபிஐயில் கட்டுபவரும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டுமே, அது நியாயமா?

யுபிஐக்கு மட்டும் சின்னத் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆர்டர் குறைந்ததா, கூடியதா? கேட்வே ஒப்பந்தத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், ஓணத்துக்குள் விலைப்பட்டியலை மாற்ற வேண்டும்.