காருக்குப் பணம் போட்டாச்சு என்கிறார், கணக்கில் ஏறவில்லை - அவசரம்

உறையூர்_ரகு | ஞாயிறு காலை 11:08
நண்பர்களே, அவசரம். ஸ்விஃப்ட் டீசல் விற்கிறேன். பணம் அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது, ஆனால் எனக்கு இன்னும் ஏறவில்லை. ஆள் வாசலில் நிற்கிறார், சாவி கேட்கிறார். கொடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை என்பதால் தாமதமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

டீசல்_மணி | 11:10
கொடுக்காதீங்க. என்ன மாடல், எவ்வளவுக்குப் பேசினீர்கள்? கியூஆர் ஏதாவது அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னாரா? பின் நம்பர் போட்டீர்களா?

கவிதா_கோவை | 11:11
எதில் அனுப்பினார்? யுபிஐ, உடனே ஏறும் ஐஎம்பிஎஸ், தொகுதி தொகுதியாகப் போகும் நெஃப்ட், பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ்? யார் பெயரில் இருக்கும் கணக்கிலிருந்து? ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் எண் என்ன? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பழைய_கியர் | 11:13
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வந்து நிற்கிறார். கார் விற்பவர்களுக்காக நான் எழுதிய நீண்ட இழை இந்தப் பகுதியின் உச்சியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க மட்டும் யாருக்கும் நேரம் கிடையாது. விளம்பரம் போடுமுன் வந்திருந்தால் பேசியிருக்கலாம்.

ஓய்வு_காசாளர் | 11:15
பதறாதீர்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஜிஎஸ் ஓடாது. நாளைக் காலை பத்து மணிக்கு மேல் ஏறிவிடும். முப்பது வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

கவிதா_கோவை | 11:17
சார், மன்னிக்கவும், அது பழைய கதை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் வருடம் முழுக்க 24 மணி நேரமும் ஓடுகின்றன. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தடவை போகும். "இன்று ஞாயிறு, நாளைக்கு வந்துவிடும், வண்டியை இப்போதே கொடுங்கள்" என்று சொல்வதற்காகவே இவர்கள் ஞாயிறாகப் பார்த்து வருகிறார்கள்.

உறையூர்_ரகு | 11:19
ஆர்டிஜிஎஸ் என்று போட்டிருக்கிறது. 4,10,000. யுடிஆர் (பணப் பரிமாற்ற அடையாள எண்) என்று 12 இலக்க எண். எஸ்எம்எஸ்கூட வந்தது, வரவு வைக்கப்பட்டது என்று. பேங்க் ஆப்பில் பார்த்தால் பழைய பேலன்ஸ்தான்.

கவிதா_கோவை | 11:21
போலி. ஆர்டிஜிஎஸ் யுடிஆர் 22 எழுத்துகள் இருக்கும். முதலில் பேங்க்கின் நான்கெழுத்துக் குறி, நடுவில் தேதி, கடைசியில் வரிசை எண். நெஃப்ட்டுக்கு 16. 12 இலக்கம் யுபிஐக்கும் ஐஎம்பிஎஸ்ஸுக்கும் உரியது. அந்த எஸ்எம்எஸ் பேங்க்கின் பெயர்க்குறியோடு வந்ததா, சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்ததா, பாருங்கள்.

உறையூர்_ரகு | 11:22
மொபைல் எண்.

டீசல்_மணி | 11:22
அப்புறம் என்ன யோசனை? கேட்டைப் பூட்டுங்கள். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு ஆளைப் பிடித்து வையுங்கள். போலீஸ் 100க்கு போன் அடியுங்கள்.

நெல்லை_செல்வம் | 11:24
மணி அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். ரகு, ஒன்று மட்டும் சொல்லுங்கள். போனில் உங்களிடம் விலை பேசியவரும் வாசலில் நிற்பவரும் ஒரே ஆளா?

உறையூர்_ரகு | 11:27
இல்லை. பேசியவர் துணை ராணுவத்தில் இருக்கிறாராம், கோவையில் டூட்டி, வர முடியாது என்றார். ஐடி கார்டு, ஆதார் எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினார். வந்திருப்பது அவருடைய மச்சான். மச்சானிடம் விலையைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம், குடும்பத்துக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பேரமே பேசவில்லை, கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார்.

பழைய_கியர் | 11:29
கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார்! பழைய டீசல் ஸ்விஃப்ட்டை! அப்போதே புரிய வேண்டாமா?

நெல்லை_செல்வம் | 11:31
ரகு, வாசலில் நிற்பவரை யாரும் தொடாதீர்கள். அவர் பெரும்பாலும் உங்களைப் போல ஏமாந்தவர்.

இது மூன்று பேர் ஆட்டம். போன் ஆள் உங்கள் விளம்பரத்திலிருந்து படங்களை எடுத்து, தன் எண்ணைப் போட்டு, விலையைக் குறைத்து வேறோர் இடத்தில் விளம்பரம் போட்டிருப்பான். அதைப் பார்த்து உண்மையாகவே கார் வேண்டியவர் ஒருவர் கூப்பிடுவார். அவரிடம், "வண்டி என் அண்ணன் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள், அண்ணனிடம் விலை பேசாதீர்கள்" என்பான். உங்களிடம் "மச்சான் வருவான், விலை பேசாதீர்கள்" என்பான். நீங்கள் இருவரும் வண்டியைப் பற்றி மட்டும் பேசுவீர்கள். எஞ்சின், டயர், ஆர்.சி. (பதிவுச் சான்று) எல்லாம் சரியாக இருப்பதால் அவருக்கு நம்பிக்கை வந்துவிடும். அவர் பணத்தை அவனுடைய கணக்குக்குப் போடுவார், உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் வரும். அடுத்து நீங்களும் அவரும் வாசலில் நின்று சண்டை போட வேண்டியதுதான். அவன் போனை அணைத்திருப்பான்.

உடனே வெளியே போய் அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: இந்தக் காருக்கு எவ்வளவு பேசினீர்கள், யார் கணக்குக்கு அனுப்பினீர்கள், நான் உங்களுக்கு என்ன உறவு என்று சொன்னார்கள்?

டீசல்_மணி | 11:33
செல்வம் சொல்வது புதிதாக இருக்கிறது. எனக்கென்னவோ இரண்டு பேரும் கூட்டு என்றுதான் படுகிறது.

ஆர்டிஓ_வாசல் | 11:34
கூட்டு என்றால் சொந்த முகத்தைக் காட்டிக்கொண்டு பட்டப்பகலில் வாசலில் நிற்க மாட்டான். ரகு, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?

உறையூர்_ரகு | 11:41
செல்வம் சார், நீங்கள் சொன்னதேதான். துறையூர்க்காரர். 3,20,000க்குப் பேசி, 10:40க்கு ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். நான் அவனுக்கு அண்ணன் என்று சொல்லியிருக்கிறான். இப்போது அவன் போன் எடுக்கவில்லை. இவர் அழுகிறார். ஃபாரம் எல்லாம் கையெழுத்துப் போட்டு இவர் கையில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

நெல்லை_செல்வம் | 11:42
அவரை சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் அடிக்கச் சொல்லுங்கள். இப்போதே, அவர் போனிலிருந்தே. பணம் போனது அவர் கணக்கிலிருந்து என்பதால் புகாரும் அவர்தான் கொடுக்க வேண்டும். அவருடைய பேங்க், கணக்கு எண், 12 இலக்க எண், போன நேரம், யார் கணக்குக்குப் போனது, எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். ஒரு மணி நேரம்தான் ஆகிறது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் நிறுத்தினால் உண்டு. லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். அவருடைய பேங்க்கின் 24 மணி நேர எண்ணுக்கு நீங்கள் உங்கள் போனிலிருந்து முயன்றுகொண்டிருங்கள்.

வாட்ஸப் எதையும் அழிக்காதீர்கள், இரண்டு பேரும். அப்புறம் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போங்கள். உங்கள் ஆர்.சி. படமும் வண்டி எண்ணும் அவனிடம் இருக்கின்றன, இதே வண்டியை நாளை இன்னொருவருக்கு விற்பான். நீங்களும் தனியாக ஒரு புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்கி வையுங்கள்.

ஆர்டிஓ_வாசல் | 11:44
முதலில் அந்த ஃபாரங்களைத் திரும்ப வாங்குங்கள். 29 இரண்டு பிரதி, 30, எல்லாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். மூன்று லட்சம் போன வேதனையில் அந்தக் காகிதத்தை வைத்து வண்டி என்னுடையது என்பார்.

பழைய_கியர் | 11:50
வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பற்றியும் என் இழையில் இருக்கிறது. வண்டியை ஒப்படைத்ததாக ஒரு டெலிவரி நோட் எழுதி, தேதி, நேரம், கிலோமீட்டர் போட்டு, இரண்டு சாட்சி வைத்தால் போதும். ஆர்டிஓ பக்கம் விற்பவன் போகவே வேண்டாம்.

ஆர்டிஓ_வாசல் | 11:58
இதைத்தான் எத்தனை தடவை மறுப்பது. வாங்கினவர் பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டி யாரையாவது இடித்தால், நஷ்டஈட்டு வழக்கில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் ஓனர். 2018ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அந்த வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருந்தது, ஆனாலும் முதலில் விற்றவர்தான் மாட்டினார். டெலிவரி நோட் போலீஸ் விசாரணையில் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விற்றவர் 14 நாளுக்குள் ஃபாரம் 29 கொடுத்து ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெளிமாநிலத்துக்குப் போகிற வண்டிக்கு மட்டும் 45 நாள்.

பழைய_கியர் | 12:03
சட்டம் சொல்லும். நான் விற்ற வண்டிகளுக்கு ஒரு சம்மன்கூட வந்ததில்லை.

ஆர்டிஓ_வாசல் | 12:05
நல்லது. வராமலே இருக்கட்டும்.

டீசல்_மணி | 12:09
எதற்கு இவ்வளவு தலைவலி? ரொக்கமாக வாங்கி எண்ணிப் பையில் போட்டால் யுடிஆரும் கிடையாது, இருபத்திரண்டு எழுத்தும் கிடையாது.

ஓய்வு_காசாளர் | 12:14
அதில் மட்டும் நான் பேசலாம் என்று நினைக்கிறேன். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது மணி. வருமான வரிச் சட்டத்தில் ரொக்கம் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்தாலும் விற்பனை ஒன்றுதான். கள்ள நோட்டு வேறு. செக்கும் வேண்டாம். ஸ்லிப்பில் சீல் அடித்திருந்தால் பெட்டியில் போட்டார்கள் என்றுதான் அர்த்தம், பாஸ் ஆனது என்று அர்த்தமில்லை. திரும்பி வந்தால் நோட்டீஸ், வழக்கு என்று நீங்கள் அலைய வேண்டும், வண்டி அதுவரை எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

கவிதா அம்மா சொன்ன ஆர்டிஜிஎஸ் நேரம் சரிதான். பேத்தி காட்டினாள்.

கவிதா_கோவை | 12:20
நன்றி சார். இன்னொன்று. பணம், வண்டி வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும், ஃபாரம் 30ல் எழுதப்போகும் அதே பெயரில். நண்பர் அனுப்புகிறார், மாமா அனுப்புகிறார் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறெங்கோ ஏமாந்தவருடைய பணமாக இருந்தால், அவர் புகார் கொடுத்ததும் உங்கள் கணக்கைத்தான் முடக்குவார்கள். உண்மையாக வண்டி விற்றேன் என்று காட்டி மீட்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். முடிந்தால் வேலை நாளில் உங்கள் கிளையில் சந்தித்து, அங்கேயே அனுப்பச் சொல்லி, பேலன்ஸ் ஏறியதைப் பார்த்த பிறகு சாவி கொடுங்கள்.

டீசல்_மணி | 12:26
இதற்குப் பதில் டீலரிடமே தள்ளிவிடலாம். நாற்பதாயிரம் குறைத்துக் கேட்பான், அவ்வளவுதான்.

ஆர்டிஓ_வாசல் | 12:31
அனுமதி பெற்ற டீலரா என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அவர்களுக்கு ஃபாரம் 29ஏ (அனுமதி விண்ணப்பம்), 29பி (அனுமதிச் சான்று) வந்துவிட்டன. 29சியில் வண்டியை ஒப்படைத்ததாகத் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவர்கள் தலையில். புரோக்கரிடம் விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நெல்லை_செல்வம் | மாலை 4:15
ரகு, என்ன ஆயிற்று?

உறையூர்_ரகு | இரவு 9:52
வண்டி கொடுக்கவில்லை. ஃபாரம் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். 1930ல் பதிவாகிவிட்டது, அவருக்கு எண் வந்தது. கொஞ்சம் பணத்தை நிறுத்தியிருப்பதாகச் சொல்கிறார்கள், எவ்வளவு என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகச் செல்வம் சாருக்கு.

டீசல்_மணி | இரவு 10:03
அந்த ஆளைப் பிடித்து வைக்கச் சொன்னதை மறந்துவிடுங்கள்.

சேலம்_ஐ10 | திங்கள் காலை 7:40
இதைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. என் வண்டிக்கு இன்னும் லோன் பாக்கி. வாங்குபவர் முழுப் பணத்தையும் என்னிடம் தர யோசிக்கிறார், நான் லோனைக் கட்டாமல் ஓடிவிடுவேனாம். எப்படி முடிப்பது?

கவிதா_கோவை | 8:05
அவர் யோசிப்பது நியாயம்தான். பேங்க்கில் முன்கூட்டியே முடிக்கும் தொகைக்கு எழுத்தில் கணக்கு வாங்குங்கள். அந்தத் தொகையை அவர் நேராக உங்கள் லோன் கணக்குக்கே கட்டட்டும், மீதி உங்கள் சேமிப்புக் கணக்குக்கு. லோன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) ஃபாரம் 35ம் வந்ததும் ஆர்டிஓவில் எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள லோன் குறிப்பு) கேன்சல் செய்து, அதன் பிறகு பெயர் மாற்றம். எந்த பேங்க், எவ்வளவு பாக்கி?

பழைய_கியர் | 8:11
புது இழை தொடங்குங்கள். இது வேறு விஷயம்.